சொந்த ஊர் எது?

கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் சென்னையின் இந்த மேற்குப் புறநகரில் தெருவுக்கு ஒருவராவது ஒரு கதையை மனத்தில் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போய் வருகிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், ஷிப்ட் முடித்து வருகிற இளைஞர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கைபேசியில் தொடர்கதை தட்டுகிற பெண், இனிமேலாவது எழுத வேண்டும் என்று கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரர் என்று இவர்களில் சிலரோடு பேசும் வாய்ப்பு அவ்வப்போது அமைகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்தப் பதிப்பகம் போடும், எவ்வளவு செலவாகும், அட்டைப் படத்துக்கு யாரைப் பிடிப்பது, எந்தப் போட்டிக்கு அனுப்பலாம். கதையை எப்படி எழுதுவது என்ற கேள்வி கடைசியில், பேருந்து வந்துவிட்ட நேரத்தில், ஒரு மரியாதைக்காகக் கேட்கப்படுகிறது.

இதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. புத்தகம் என்றால் அது வெளியிடப்படும் விழா என்று அவர்களுக்குக் காட்டி வைத்தவர்கள் நாம்தான். தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறை வந்த பிறகு முப்பது பிரதிகூடப் போட முடிகிறது. அதனால் அச்சேறுவது பெரிய விஷயமாக இல்லை. சமூகக் கூடத்தையோ சிறிய திருமண மண்டபத்தையோ பிடித்து, பொன்னாடைகளை மொத்த விலையில் வாங்கி, ஐந்து பேரைப் பேச அழைத்து, மாவட்ட அளவில் அறியப்பட்ட ஒருவர் கையில் முதல் பிரதியைக் கொடுத்துவிட்டால் ஓர் எழுத்தாளர் உருவாகிவிடுகிறார். பேசிய ஐவரில் ஒருவர் புத்தகத்தின் பின்னட்டையைத் தாண்டி உள்ளே போயிருந்தால் அது இலக்கியக் கூட்டம் என்றே கொள்ளலாம். மறுநாள் காலையில் அந்த எழுத்தாளருக்கு ஒரு வெறுமை வரும். தன் கதையில் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று அவரிடம் யாருமே சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள். நாம் பாராட்டை மொய்போல எழுதிப் பழகிவிட்டோம். திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்.

எழுத விரும்புகிறவர்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிற யோசனைகள் சிலதான் இருக்கின்றன, அவையும் எல்லோருக்கும் தெரிந்தவை. முதலாவது, படிப்பது. 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகையின் வழியாக அதில் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் நம் பகுதிக் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தால், காலையில் நாளிதழுக்குக் கூடும் பெரியவர்கள், பத்து மணிக்கு மேல் போட்டித் தேர்வு வழிகாட்டிகளோடு வரும் இளைஞர்கள் தவிர, கதைப் புத்தக அலமாரிப் பக்கம் ஒதுங்குகிறவர் குறைவு. புதுமைப்பித்தனும் கு. அழகிரிசாமியும் அங்கே இருக்கிறார்கள். அவர்களை எடுத்துப் போவோர் பட்டியலில் எழுத்தாளராக விரும்புகிறவர்களின் பெயரைக் காண்பது அபூர்வம். 'மற்றவர்களைப் படித்தால் என் நடை கெட்டுவிடும்' என்று சொல்கிறவர்கள் உண்டு. இல்லாத ஒன்று எப்படிக் கெடும் என்று அவர்களிடம் கேட்கத் தோன்றும், கேட்பதில்லை.

இரண்டாவது யோசனை, கொஞ்சம் நின்று பேச வேண்டியது. இங்கிருந்து எழுதப்படும் கதைகளில் வருவது எந்த ஊர்? படித்துப் பார்த்தால், பெரும்பாலானவை எழுதுகிறவர் இருபது ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்த கிராமத்தில் நடக்கின்றன. ஆலமரம், கண்மாய், பாட்டி, திருவிழா. கண்மாய் என்ற சொல்லே புழங்காத திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கூடக் கதையில் கண்மாய் வெட்டுகிறார். கரிசல் இலக்கியம் நமக்குச் செய்த பெரிய நன்மையின் சிறிய பக்க விளைவு அது. மற்றவை சினிமாவில் பார்த்த சென்னையில் நடக்கின்றன. எழுதியவர் அன்றாடம் கடந்துபோகும் பட்டரவாக்கம் ரயில் நிலையமோ, எஸ்டேட் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்து சைக்கிள்களும் கம்பெனி வேன்களுமோ, நாலா பக்கமும் ஏரிகள் சூழ இருந்துகொண்டு குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கும் நம் வாழ்க்கையோ கதைக்கு லாயக்கானதாக அவருக்குத் தோன்றுவதில்லை. இங்கே நாம் வீடு கட்டியிருக்கிறோம், பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம், பெற்றோரை எரித்திருக்கிறோம். ஆனாலும் யாராவது கேட்டால் சொந்த ஊர் என்று வேறோர் ஊரின் பெயரைத்தான் சொல்கிறோம்.

இவ்வளவுக்கும் கதை இல்லாத நிலப்பகுதியல்ல இது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற குறிக்கோளைத் தீர்மானமாகப் போட்டது. அடுத்த பத்தாண்டுகளில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அம்பத்தூரில் சைக்கிளும் டயரும் உற்பத்தியாகி, 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். சோஷலிசத் தீர்மானம் போட்ட ஊரில் நிரந்தர வேலை என்பது தாத்தாக்கள் சொல்லும் கதையாகி, ஒப்பந்தத் தொழிலாளி என்பவரே இயல்பான மனிதராகிவிட்டார். 2021 அக்டோபர் முதல் தேதி நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடி ஊழியர்கள் புதிய நிறுவனத்தில் அயற்பணியில் இருப்பதாகக் கருதப்பட்டார்கள். அதே கேட், அதே இயந்திரம், அதே டிபன் பாக்ஸ். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மனிதன் வேறோர் இடத்துக்குப் போய்விட்டதாகக் காகிதம் சொன்னால், அன்று மாலை அவன் வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் என்ன சொல்வான்? ஒரு சிறுகதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

இன்னொரு முரண்பாடும் உண்டு. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை மலிவு விலையில் கொடுத்து, டால்ஸ்டாயையும் கார்க்கியையும் ஒரு தலைமுறைக்கு அறிமுகப்படுத்திய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இயங்குவது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்தான். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி வழக்கறிஞர் டி. செல்வராஜ் எழுதி, 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'தோல்' நாவலை வெளியிட்டதும் அந்த நிறுவனமே. திண்டுக்கல்லின் தொழிற்கூடம் இந்த எஸ்டேட்டின் வழியாகத் தமிழ் இலக்கியத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. எஸ்டேட்டுக்கோ, வடசென்னைக்கு வாய்த்ததுபோல ஓர் எழுத்தாளர் வரிசை இன்னும் வாய்க்கவில்லை.

எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு, வாடகைக்கு வீடு தேடும்போது நடக்கும் பேச்சை உற்றுக் கேளுங்கள் என்று சொல்வது என் வழக்கம். திருமுல்லைவாயிலில் ஒரு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர்; வருங்கால வைப்பு நிதியையும் கூட்டுறவுச் சங்கக் கடனையும் போட்டுக் கட்டிய வீடு. வந்திருப்பவன் இருபத்தெட்டு வயது இளைஞன். பேச்சு இப்படிப் போகிறது:

"தம்பி எங்க வேலை?"

"எஸ்டேட்லங்க ஐயா, டூல் ரூம்ல."

"நல்லது. சொந்த ஊரு?"

"செய்யாறு பக்கங்க."

"செய்யாறு டவுனா?"

"இல்லீங்க, உள்ள ஒரு கிராமம்."

"பேரு சொல்லுங்க, அந்தப் பக்கமெல்லாம் எனக்குப் பழக்கம்தான்."

அவன் பெயரைச் சொல்கிறான்.

"அங்க எந்தத் தெரு?"

"ஏரிக்கரைப் பக்கங்க."

"ஓகோ. வீட்ல கவுச்சி எல்லாம் சமைப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினையில்ல. பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன் தம்பி. நம்பர் குடுத்துட்டுப் போங்க."

எண்ணை அவர் தினசரி நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறார். நாளைக் காலையில் கிழிபடப்போகும் தாள் அது. இந்தப் பேச்சில் சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. 'தம்பி' என்றும் 'ஐயா' என்றும் மரியாதை குறையாமல் பேசிக்கொண்டார்கள். கேட்கப்பட்டது என்ன என்று இருவருக்கும் தெரியும். இளைஞன் தெரியாததுபோல் பதில் சொன்னான், பெரியவர் கேட்காததுபோல் கேட்டார். உரையாடல் எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கதையில் மனிதர்கள் தாங்கள் நினைப்பதை அப்படியே சொன்னால் அது பட்டிமன்றமாகிவிடும். நிஜத்தில் நாம் நினைப்பதைச் சொல்லாமலிருக்கத்தான் பெரும்பாலும் பேசுகிறோம்.

புதிதாக எழுதுகிறவர் இந்தச் சந்தர்ப்பத்தை என்ன செய்வார் என்று ஊகிக்கலாம். இளைஞன் படியிறங்கும்போது திரும்பி நின்று சமத்துவத்தைப் பற்றி நான்கு வரி பேசுவான். அல்லது கடைசிப் பத்தியில் வீட்டுக்காரருக்கு விபத்து நேர்ந்து, ரத்தம் கொடுக்க வருபவன் அதே இளைஞனாக இருப்பான். வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகள் நம் கைக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. இரண்டுமே வாசகரை எளிதாகத் தப்பவிட்டுவிடுகின்றன. நாட்காட்டித் தாளோடு நிறுத்திக்கொண்டால், அதைப் படிக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தான் கடைசியாக வாடகைக்காரரிடம் கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்க்கக்கூடும். கூடும் என்றுதான் சொல்ல முடியும்.

இதைவிடக் கடினமான பயிற்சி, அதே காட்சியை வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து எழுதுவது. அவரும் ஒருநாள் தகரப் பெட்டியோடு ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கியவர்தான். அவரிடமும் யாரோ இதே கேள்விகளைக் கேட்டிருப்பார்கள், அவர் சொன்ன பதில் ஏற்கப்பட்டதால் அவருக்கு வீடு கிடைத்திருக்கும், கிடைத்ததால் அந்தக் கேள்வியில் இருந்த அநியாயம் அவர் கண்ணில் படாமலே போயிருக்கும். தொழிற்சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவராகவும் அவர் இருக்கலாம். அவருடைய பயங்களுக்கு இடம் கொடுத்து, அவர் செய்ததற்கு மன்னிப்பு மட்டும் கொடுக்காமல் எழுத முடிந்தால் அது கதை. கெட்டவரைக் கெட்டவராகவே வைத்துக்கொள்ளும் வசதி நாளிதழுக்கும் சினிமாவுக்கும் உண்டு. கதை எழுதுகிறவருக்கு இல்லை. எழுதுவதற்கு உந்திய நிஜ வீட்டுக்காரரின் தெரு, பெயர், பிள்ளைகளின் வேலை எல்லாவற்றையும் மாற்றிவிடுவது குறைந்தபட்ச நாகரிகம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தன்னுடைய வாழ்க்கையைத் தாண்டி எழுதவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். 1925-இல் முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் திருமணமாகி, பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல் எழுத வந்தவர். மின்பொறியாளரான கணவரின் பணி நிமித்தம் போன ஊர்களையெல்லாம் மற்றவர்கள் குவார்ட்டர்ஸ் என்று பார்த்தபோது அவர் மனிதர்கள் வாழும் இடமாகப் பார்த்தார். நீலகிரிப் படகர்களைப் பற்றி 'குறிஞ்சித் தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்', தீப்பெட்டி வேலைக்கு விடியுமுன் எழுப்பிக் கொண்டுபோகப்படும் சிறுவர்களைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்' என்று ஒவ்வொன்றுக்கும் அந்த மக்களிடம் போய், அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு எழுதினார். அந்த நாவல்களின் கலைத்தரம் பற்றி விமரிசகர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எனக்கும் சிலவற்றில் தகவல் கதையை மீறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் தெரியாத ஒருவரின் உழைப்பைப் பற்றி எழுதுவதற்கு முன் அவர் எதிரில் போய் உட்கார வேண்டும் என்ற அடிப்படை மரியாதையை அவரிடமிருந்துதான் கற்க வேண்டியிருக்கிறது. 2009-இல் தமிழக அரசு அவருடைய நூல்களை, அவர் உயிரோடிருக்கும்போதே நாட்டுடைமையாக்கியது. கணவர் இறந்து, சேமிப்பும் கைவிட்டுப் போய், பிறர் பராமரிப்பில் இருந்தவருக்கு அது வந்து சேர்ந்தது. 2014 அக்டோபரில், பூந்தமல்லிச் சாலையில் இருக்கும் போரூர் மருத்துவமனையில் அவர் காலமானார். அவருடைய நாவல்களை இப்போது யாரும் அச்சிடலாம். இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

நேரமில்லை என்பது அடுத்த குறை, அது உண்மையான குறைதான். எஸ்டேட்டின் ஆடை நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காலையில் சமையல், கம்பெனி வேன், எட்டு மணி நேரத் தையல், மாலையில் மறுபடி சமையல் என்று போகும் நாளில், எழுதுவதற்கு அதிகாலையில் எழுந்திரு என்று யோசனை சொல்வது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய செயல். அவள் ஏற்கனவே அதிகாலையில்தான் எழுகிறாள். வீட்டில் இருக்கும் ஆண் ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொண்டால் தமிழில் எத்தனை சிறுகதைகள் கூடும் என்ற கணக்கை நம் இலக்கியக் கூட்டங்கள் போட்டுப் பார்த்ததில்லை. ஆண்களின் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு முக்கால் மணி நேரப் பயணம். உட்கார இடம் கிடைத்தால் ஒரு சிறுகதை படிக்கலாம், கிடைக்காவிட்டால் காதுகளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். இரவில் படுக்குமுன் அன்று காதில் விழுந்த ஒரு பேச்சை, அலங்காரம் எதுவும் சேர்க்காமல், பேசியவர் பேசியபடியே பத்து வரி எழுதி வைப்பது யாராலும் முடியும்.

வசதியானவர்கள் எழுதிய இலக்கியம் என்று தமிழ்ப் புனைகதையைச் சொல்ல முடியாது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் ஊழியம் பார்த்தவர். பிறகு வீட்டில் இடமில்லாமல் தியாகராய நகர்ப் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். அவருடைய 'தண்ணீர்' நாவலுக்கு ஒரு தெருவின் தண்ணீர்க் கஷ்டமே போதுமானதாக இருந்தது. தோப்பில் முஹம்மது மீரான் வணிகர். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் அனுபவித்த காவல்நிலையச் சித்திரவதையை 'லாக்கப்' என்று எழுதியதிலிருந்துதான் 'விசாரணை' படம் வந்தது. அமெரிக்காவில் ரேமண்ட் கார்வர் மருத்துவமனையில் இரவு நேரத் துப்புரவு வேலை பார்த்தார். இரண்டு குழந்தைகளை வளர்க்கும் நெருக்கடியில் நாவலுக்கு உட்கார முடியாமல்தான் சிறுகதைக்கு வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நெருக்கடி எழுத்தாளரை உருவாக்குகிறது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது; அது எத்தனை பேரை அழித்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

எழுதி முடித்ததும் என்ன செய்வது என்பதில்தான் இந்தப் பகுதிக்காரர்களின் ஒரு விநோதத்தைக் காண்கிறேன். டூல் ரூமில் வேலை செய்கிறவர் ஒரு ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து, நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் கூடியிருந்தால் ரீவொர்க் என்று கூச்சமில்லாமல் திருப்பிப் போடுவார். அவரே தன் கதையைக் கொடுக்கும்போது 'ஒரே மூச்சுல வந்தது சார், ஒரு வரிகூட மாத்தல' என்று பெருமையாகச் சொல்வார். இரும்புக்குக் காட்டும் மரியாதையைச் சொல்லுக்குக் காட்டினாலே போதும். கதையை ஒரு மாதம் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே வாக்கியம் கோணலாக இருக்கிறது, எங்கே குரல் தானாகவே உருக ஆரம்பிக்கிறதோ அங்கே பொய் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் பெரும்பாலும் வெட்டத் தகுந்தவை. பிறகு அதை உறவினர் அல்லாத, நமக்குப் பொன்னாடை போர்த்தும் அவசியமில்லாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பது பதிப்பாளர் கிடைப்பதைவிடக் கடினம். கிடைத்தால், அவர் எழுதியதையும் அதே நேர்மையோடு படித்துச் சொல்ல நாம் தயாராக இருக்க வேண்டும். பலருடைய உறவு முறிவது இந்த இடத்தில்தான்.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக எழுதலாமா என்று கேட்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். அசோகமித்திரன் 1966-இல் ஜெமினியை விட்டார். அதற்குப் பிறகு அவர் பட்ட பணக் கஷ்டத்தை அவருடைய கட்டுரைகளிலேயே படித்துக்கொள்ளலாம். சிறுகதைக்கு இதழ்கள் தரும் சன்மானத்தில் ஒரு மாத வாடகையைக் கட்ட முடியாது, அதுவும் எல்லா இதழ்களும் தருவதில்லை. எனவே வேலை இருக்கட்டும். பி.எஃப். பணத்தை எடுத்துப் புத்தகம் போட வேண்டாம். பணம் கேட்கும் பதிப்பகத்தாரிடம் எத்தனை பிரதி, யார் விற்பது, உரிமை யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கதை திரும்பி வந்தால் அல்லது பதிலே வராவிட்டால், மூன்று மாதம் பார்த்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்பலாம். அதற்குள் அடுத்த கதையின் இரண்டாவது வரைவு முடிந்திருக்க வேண்டும்.